பிரசிடெண்டுக்கு மாதச் சம்பளம் வேண்டுமா?

தேவகோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பஞ்சாயத்து பிரசிடெண்டில் தொடங்கி மாநகராட்சி கவுன்சிலர் வரைக்கும் எல்லாருக்கும் முழுநேரச் சம்பளம் கொடுக்கணும்னு எங்க ஊர்ல ஒரு பேச்சு ஓடுது. எங்க அப்பச்சியோ, ‘பொதுக்காரியத்துக்குச் சம்பளம் வாங்கினா அது பொதுக்காரியமா?’ என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் கணக்குப் பிரிவிலேயே என் உத்தியோக காலம் கழிந்தது. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். கிராம ஊராட்சித் தலைவருக்கு முழுநேரச் சம்பளம் கட்டாயம் கொடுக்க வேண்டும். அதுவும் ஒரு குடும்பம் நடத்தப் போதுமான சம்பளமாக இருக்க வேண்டும். வார்டு உறுப்பினருக்கும் நகரத்துக் கவுன்சிலருக்கும் அது தேவையில்லை. ‘எல்லாருக்கும்’ என்று சேர்த்துக் கேட்பதால்தான் இந்தப் பேச்சு எடுத்த எடுப்பிலேயே அடிபட்டுப் போகிறது.

முதலில் இப்போது யாருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். 2023 ஜூலை முதல் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மாத மதிப்பூதியம் வந்தது. மேயருக்கு 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மாநகராட்சி கவுன்சிலருக்கு 10,000. நகராட்சித் தலைவருக்கு 15,000, நகராட்சி உறுப்பினருக்கு 5,000. பேரூராட்சித் தலைவருக்கு 10,000, உறுப்பினருக்கு 2,500. கிராம ஊராட்சித் தலைவருக்கு எவ்வளவு தெரியுமா? மாதம் 2,000 ரூபாய், கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். ஆறு நாள் மண் வெட்டினால் தலைவரின் ஒரு மாத மதிப்பூதியம் வந்துவிடும். அதே ஊராட்சி அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஊராட்சிச் செயலருக்கு அடிப்படைச் சம்பளமே 15,900இல் தொடங்குகிறது. செயலருக்கு அது நியாயமான சம்பளம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைவருக்குக் கொடுப்பதைத்தான் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மாநகராட்சியிலும் நகராட்சியிலும் நிர்வாகப் பொறுப்பு ஆணையரிடம் இருக்கிறது. மேயரும் கவுன்சிலர்களும் தீர்மானம் போடுவார்கள், நிறைவேற்றுவது ஆணையர். ஊராட்சி ஒன்றியத்திலும் அப்படித்தான், வட்டார வளர்ச்சி அலுவலர் இருக்கிறார். கிராம ஊராட்சியில் மட்டும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தலைவரையே நிர்வாக அதிகாரி ஆக்கியிருக்கிறது. கூட்டத்துக்குத் தலைமை ஏற்பவரும் அவரே, தீர்மானத்தை நிறைவேற்றுபவரும் அவரே. துணைத் தலைவரோடு சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். கணக்கில் தவறு வந்தால் மாவட்ட ஆட்சியர் 205ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுத்துப் பதவியைப் பறிப்பதும் அவரிடமிருந்துதான். ஆக, வேலையும் பொறுப்பும் தண்டனையும் மிகுதியாக உள்ள பதவிக்கு மிகக் குறைந்த தொகை. சம்பளத்தைப் பற்றிய என் முடிவில் பாதி இந்த ஒரு விஷயத்திலேயே நிற்கிறது.

மீதிப் பாதி, அந்த வேலை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதில் இருக்கிறது. நம் செட்டிநாட்டுக் கிராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று போன் வரும். மோட்டார் காயில் போயிருக்கும். கழற்றி காரைக்குடிக்கு அனுப்பி, அது திரும்பி வரும்வரை டிராக்டரில் தண்ணீர் அடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தெருவிளக்கு, குப்பை, தூய்மைக் காவலர் சம்பளம், வீடு கட்டும் திட்டத்துக்குப் பயனாளி தேர்வு என்று எல்லா ஊருக்கும் பொதுவான வேலைகள் இருக்கின்றன. அதற்கு மேல் நமக்கென்று சில உண்டு. ஊரணி நிறையவேண்டுமென்றால் வரத்துக்கால் திறந்திருக்க வேண்டும். அந்தக் கால்வாயில் பாதி தூர்ந்து கிடக்கும், மீதியில் ஒருவர் சுற்றுச்சுவர் எழுப்பியிருப்பார். மழைக்கு முன்னால் சர்வேயரைக் கூட்டி வந்து அளந்து, நோட்டீஸ் கொடுத்து, சண்டையைச் சமாளித்து வெட்டி விட வேண்டும். தை மாதம் மஞ்சுவிரட்டு என்றால் ஆட்சியர் அலுவலகம், காவல் நிலையம், கால்நடைத் துறை என்று நடை. பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளின் வீட்டுவரி இன்னொரு தனிக் கதை. எட்டுப் பங்காளிகள் எட்டு ஊரில் இருப்பார்கள், இரண்டு பேர் வெளிநாட்டில். யார் பெயரில் ரசீது போடுவது என்று தீர்வதற்குள் இரண்டு வருட வரி பாக்கி நின்றுவிடும். இதையெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து முடிக்க முடியாது. ஒன்றிய அலுவலகம், மின்வாரியம், தாலுகா ஆபீஸ், வங்கி எல்லாம் பகல் பத்து மணிக்குத் திறந்து சாயங்காலம் மூடுகிறவை. பகல் முழுவதும் ஓய்வாக இருப்பவர், அல்லது பகல் வருமானத்தை இழக்கத் துணிந்தவர், இந்த இரண்டு பேரில் ஒருவரால்தான் பிரசிடெண்ட் வேலையைப் பார்க்க முடியும்.

இந்த இரண்டாவது வகையில் நான் பார்த்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இடஒதுக்கீட்டில் ஜெயித்து வந்தவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். நிதிக்குழு மானியத்தில் பணம் அனுப்பத் தலைவர் பெயரில் ஒரு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கொடுப்பார்கள், பென்டிரைவ் போல இருக்கும். ஒருநாள் அவர் அலுவலகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். டோக்கன் எங்கேம்மா என்று கேட்டேன். “அது அண்ணன்கிட்ட இருக்கு சார், அவுக வந்துருவாக” என்றார். அண்ணன் என்றது அந்த ஊரில் வேலை எடுக்கும் கான்ட்ராக்டரை. அவர் பதினொன்றரைக்கு பைக்கில் வந்து இறங்கினார், சட்டைப் பையிலிருந்து டோக்கனை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினார், பின் நம்பரையும் அவரே அடித்தார். அந்த அம்மா என்னிடம், “நான் போகலாமா சார்? மதியத்துக்கு மேல ஆள் குறையுதுன்னு வயக்காட்டுல கூப்பிட்டாக, அரை நாள் கூலியாவது தேறும்” என்று கேட்டார். அவருக்கு விவரம் தெரியாமல் இல்லை. எந்த வேலைக்கு எவ்வளவு எஸ்டிமேட், எது தரமில்லாமல் நடந்தது என்று தெருத் தெருவாகச் சொல்லக்கூடியவர். ஆனால் தேர்தலில் செலவு செய்ததும் அந்த கான்ட்ராக்டர், மாசத்துக்கு அரிசி வாங்கிப் போட்டதும் அவர்தான். அரிசி வாங்கிக் கொடுக்கிறவரிடம் டோக்கனைத் திருப்பிக் கேட்பது எப்படி?

சட்டம் நாற்காலியைக் கொடுத்துவிட்டது. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கியது. 2016இல் தமிழ்நாடு பெண்கள் பங்கைப் பாதியாக உயர்த்தியது. அந்த நாற்காலியில் உட்காரவிடாமலே தடுத்த ஊர்களும் நம் பக்கத்து மாவட்டங்களில் இருந்தன. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கிலும் 1996லிருந்து பத்து வருடம் தேர்தல் நடக்கவோ ஜெயித்தவர் பதவியில் நீடிக்கவோ முடியாமல், 2006இல்தான் தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அந்தத் தடையை எவ்வளவோ பேர் போராடி உடைத்தார்கள். உடைத்துவிட்டு, உள்ளே வந்தவரை மாதம் 2,000 ரூபாயில் விட்டுவிட்டோம். யாருடைய வயலில் கூலிக்குப் போகிறாரோ அவருடைய ஆக்கிரமிப்புக்கு அந்தத் தலைவர் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இனி அப்பச்சி சொல்வதற்கு வருகிறேன். அந்தக் கருத்து மேல் எனக்கு மதிப்பு உண்டு. நகரத்தார் கோயில்களில் நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர்கள் கைக்காசு செலவழித்துக் கணக்குப் பார்த்து ஒப்படைக்கிற பழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த மண் இது. ஆனால் அது கொடை. கொடுக்க இருந்தவர் கொடுத்தார், ஊர் கும்பிட்டு வாங்கிக்கொண்டது. ஊராட்சித் தலைவர் பதவி கொடை இல்லை. அது ஊர்ப் பணத்தைக் கையாளும் உத்தியோகம். உத்தியோகத்துக்கு இதே செட்டிநாட்டில் வேறொரு முறை இருந்ததே! பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடை நடத்த மேலாளை அனுப்பியபோது முதலாளி என்ன செய்தார்? மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளம் பேசி, அதில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்து, லாபத்தில் பங்கும் வைத்து அனுப்பினார். ஊரில் அவர் பெண்டாட்டி பிள்ளைகள் சாப்பிட வழி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பெட்டியில் கை போகும் என்று முதலாளிக்குத் தெரியும். கணக்குத் திரும்பி வந்ததும் ஐந்தொகை (சொத்து, கடன் இருப்புக் கணக்கு) போட்டு வரி வரியாகப் பார்த்தார். நம்பிக்கையும் சம்பளமும் கணக்குக் கேட்பதும் மூன்றும் சேர்ந்தே இருந்தன. தம்பி, இதை உங்கள் அப்பச்சியிடம் சொல்லிப் பாருங்கள், அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

சம்பளமில்லாத பதவி யாருக்குப் போகும் என்பதற்குப் பழைய சாட்சியே இருக்கிறது. குடவோலை முறையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியம் என்ற ஊர்க் குழுவுக்கு நிற்பவர் கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராக இருக்கவேண்டும் என்கிறது. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் சேர்க்கக்கூடாது என்று அதே கல்வெட்டு சொல்வது இன்றைக்கும் படிக்கவேண்டிய பாடம். ஆனால் நிலம் இல்லாதவர் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே வழி இல்லை. இங்கிலாந்தில் 1838இல் தொழிலாளர்கள் மக்கள் சாசனம் என்று ஆறு கோரிக்கை வைத்தபோது, சொத்துத் தகுதியை நீக்கு என்பதோடு நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கொடு என்பதையும் சேர்த்தே வைத்தார்கள். ஒன்றில்லாமல் மற்றது பயன்படாது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. அந்தச் சம்பளம் கைக்கு வர 1911 வரை ஆயிற்று. நாம் சொத்துத் தகுதியைச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டு, 2,000 ரூபாய் என்ற பெயரில் திரும்ப வைத்திருக்கிறோம்.

‘சம்பளம் கொடுத்தால் கமிஷன் வாங்காமல் இருந்துவிடுவார்களா?’ என்று கேட்பார்கள். வாங்குகிறவர் வாங்கத்தான் செய்வார். பத்து லட்சம் செலவழித்து ஜெயித்தவர், நான் மனதில் வைத்திருக்கும் மாதம் 25,000 ரூபாயைப் பார்த்து மனம் மாறமாட்டார். 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு அனுமதிக்கப்பட்ட செலவு 34,000 ரூபாய். அதை மட்டும் செலவழித்து ஜெயித்த யோக்கியருக்கே, 2,000 ரூபாய்க் கணக்கில், பதினேழு மாத மதிப்பூதியம் போய்விடுகிறது. இந்த யோக்கியரை நிற்க வைப்பதற்குத்தான் நான் சம்பளம் கேட்கிறேன், கெட்டவரைத் திருத்துவதற்கு அல்ல. பிரேசிலிலும் இத்தாலியிலும் மக்கள்தொகை ஒரு அளவைத் தாண்டினால் உள்ளூர்ப் பிரதிநிதிகளின் சம்பளம் ஏறும் விதி இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள ஊர்களை ஒப்பிட்டுப் பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தார்கள். சம்பளம் கூடிய இடங்களில் அதிகம் படித்தவர்கள் போட்டியிட வந்திருந்தார்கள், வேலையும் மேம்பட்டிருந்தது. படிப்பு ஒன்றே தகுதி என்று நான் நினைப்பதில்லை. ஆனால் இன்னும் பல பேர் துணிந்து நிற்க வருகிறார்கள் என்பது முக்கியம்.

ஒரு ஆபத்தை மறைக்கக் கூடாது. தென்மாவட்டங்களில் தலைவர் பதவியை ஏலம் விடுகிற கேவலம் நடக்கிறது. மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தும் 2019இல் செய்தி வந்தது. மாதம் 25,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 15 லட்சம். ஏலம் கேட்பவர் அதையும் சேர்த்துக் கேட்பார். ஆகவே போட்டியின்றித் தேர்வான ஒவ்வொரு ஊராட்சியிலும் மாவட்ட ஆட்சியர் நேரில் விசாரித்த பிறகே முதல் மாதச் சம்பளம் என்று வைக்கவேண்டும். இது நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனை.

பணத்துக்கு எங்கே போவது? தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் ஏறத்தாழ 12,525. சராசரி 25,000 என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 376 கோடி. சிவகங்கை மாவட்டத்தில் 2019 தேர்தலின்போது இருந்த 445 ஊராட்சிகளுக்கு 13 கோடியே 35 லட்சம். மாநில அரசின் வருடச் செலவு மூன்று லட்சம் கோடிக்கு மேல். ஆயிரம் ரூபாய்க்கு ஏறத்தாழ ஒரு ரூபாய்தான் வருகிறது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 2017லிருந்து மாதம் 1,05,000 ரூபாய் கொடுக்க முடிகிற அரசுக்கு இது சுமையே இல்லை. ஆனால் இந்தப் பணம் மாநில நிதியிலிருந்து நேராகத் தலைவர் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். ஊராட்சிப் பொது நிதியில் எடுத்துக்கொள் என்றால், வருமானமில்லாத சின்ன ஊராட்சி தலைவருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டுத் தெருவிளக்குக்கு பல்பு வாங்க வழியில்லாமல் நிற்கும்.

எல்லா ஊராட்சிக்கும் ஒரே தொகை என்பதும் சரியில்லை. ஐநூறு பேர் இருக்கிற ஊராட்சியும் உண்டு, ஊருக்கு வெளியே மனை மனையாக விரிந்து பேரூராட்சி அளவுக்கு வளர்ந்ததும் உண்டு. மக்கள்தொகையை வைத்து மூன்று படிகள் போதும். கேரளத்தைக் காட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அங்கே 2016லேயே கிராம பஞ்சாயத்துத் தலைவருக்கு 13,200 ரூபாய் ஆக்கினார்கள், உண்மைதான். ஆனால் அந்த மாநிலம் முழுவதற்கும் கிராம பஞ்சாயத்துகள் 941 மட்டுமே. பெரும்பாலானவை நம் பேரூராட்சியைவிடப் பெரியவை, ஆபீஸ் நிறைய ஊழியர்கள். இங்கே ஒரு செயலர், ஒரு தொட்டி இயக்குபவர், சில தூய்மைக் காவலர்கள், அவ்வளவுதான். உதவிக்கு ஆளில்லாத நம் தலைவருக்கு வேலை இன்னும் அதிகம்.

சம்பளம் வாங்குகிறவர் என்ன தரவேண்டும்? வாரத்தில் ஐந்து நாள், குறிப்பிட்ட நேரத்தில், ஊராட்சி அலுவலகத்தில் இருக்கவேண்டும். வெளியே போனால் எங்கே போகிறார் என்று பலகையில் எழுதவேண்டும். பெண் தலைவர் என்றால் அவரே வரவேண்டும், வீட்டுக்காரர் வந்தால் வருகை ஆகாது. டோக்கன் அலுவலகப் பீரோவில் இருக்கவேண்டும், பின் நம்பர் தலைவருக்கு மட்டும் தெரியவேண்டும். ஊராட்சியோடு ஒப்பந்தத்தில் பங்குள்ளவர் பதவியில் நீடிக்க முடியாது என்று சட்டம் ஏற்கெனவே சொல்வதை, ஒரே வீட்டில் வசிக்கும் உறவினருக்கும் நீட்டவேண்டும். கிராம சபையில் வரவு செலவை வாசிக்காத காலாண்டுக்குச் சம்பளம் நிற்கவேண்டும்.

வார்டு உறுப்பினர் விஷயம் சின்னது. கூட்டத்துக்கு வருவது, தன் தெருக் குறையைச் சொல்வது. அதற்கு அன்றைய கூலி இழப்பை ஈடுகட்டும் அமர்வுப்படி போதும். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனதும் கவுன்சிலர்களுக்கு முழுச் சம்பளம் என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். கடை வைத்துக்கொண்டோ வக்கீல் தொழில் செய்துகொண்டோ ஒரு வார்டைக் கவனிக்க முடியும், கவனிக்கிறார்கள். மேயர் பதவி வேறு. அது முழுநேர வேலையாக வேண்டும் என்றால் முதலில் ஆணையரிடம் உள்ள அதிகாரத்தில் ஒரு பங்கு மேயருக்கு வரவேண்டும். அதிகாரத்தை ஆணையரிடமே வைத்துக்கொண்டு சம்பளத்தை மட்டும் ஏற்றுவதில் ஊருக்கு என்ன லாபம்?

நம் பகுதியில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. தேர்தல் உடனே நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிக்கும் தனி அலுவலர். முழுச் சம்பளம் வாங்குகிற அவராலும் ஒரு ஊராட்சிக்கு மாதத்தில் ஒரு நாள் ஒதுக்க முடியாது. மோட்டார் காயில் போனால் இப்போது யாரைக் கேட்பது என்று ஜனங்கள் அலைகிறார்கள். தலைவர் என்பது எத்தனை நேர வேலை என்று ஊருக்கு இப்போதுதான் கண்கூடாகத் தெரிகிறது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இது. சம்பளத்தை அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்பே அரசாணையாக வெளியிடவேண்டும். ஜெயித்தவர்களுக்குப் பிறகு உயர்த்திக் கொடுத்தால், பழைய 2,000 ரூபாயை நினைத்து ஒதுங்கிப்போனவர்கள் ஒதுங்கினது ஒதுங்கினதுதான். வேட்புமனு வாங்கும் நாளில் சம்பளம் இவ்வளவு, நிபந்தனை இவை என்று தெரிந்திருந்தால், நடவுக்குப் போகிற பெண்ணும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற பையனும் யோசித்து முடிவெடுக்க முடியும். தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற சபையில் ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டுபோங்கள். ‘உள்ளாட்சிப் பிரதிநிதிகள் அனைவருக்கும்’ என்று எழுதாமல் ‘கிராம ஊராட்சித் தலைவருக்கு மாநில நிதியிலிருந்து’ என்று எழுதுங்கள், டோக்கன் நிபந்தனையையும் சேருங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு, வரிசை எண் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.